கண்மாய்த் தண்ணீரில் உயிரும் பிளாஸ்டிக்கும்: புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

ஒரு சொட்டுக் கண்மாய்த் தண்ணீரில் என்னென்ன உயிர் ஓடுகிறது, அதே தண்ணீரில் எவ்வளவு பிளாஸ்டிக் கலந்திருக்கிறது என்று பார்க்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். பள்ளிக்கூடத்து நுண்ணோக்கி ஒன்று, நாலைந்து கண்ணாடி பாட்டில், கொஞ்சம் கல் உப்பு, இரண்டு மூன்று நாள் பொறுமை இருந்தால் போதும். ராமநாதபுரம் கடற்கரையோர ஊர்களில் இருக்கும் ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், பறவை பார்க்க வருகிறவர்கள், ஊரணித் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் எல்லோரும் செய்து பார்க்கக்கூடிய வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மன்னார் வளைகுடாவில் சேரும் பிளாஸ்டிக்கைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் கடலுக்குள் போய்ப் பொடிப்பொடியான பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுக்க இன்றைக்கு வழியில்லை. கண்மாயில் கிடப்பதை எடுக்கலாம். அதுவும் வருஷத்தில் பாதி நாள் தரை காய்ந்து கிடக்கும் நம் கண்மாய்களில், முழுசாக இருக்கும்போதே கையால் பொறுக்கி எடுக்கலாம். நுண்ணோக்கியில் பார்ப்பது எதற்கு என்றால், எதை எந்த மாதத்தில் எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான்.

முதலில் தண்ணீரின் வருஷக் கணக்கு

நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை பொய்க்காமல் பெய்து, வைகையிலும் தண்ணீர் வந்தால் ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறையும். மிச்சத் தண்ணீர் ஆற்றங்கரை பக்கம் பாக் விரிகுடாவில் போய்ச் சேரும். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பேர் வாங்கிய ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாயிலிருந்து ஊருக்கு ஒன்றாக இருக்கும் சின்ன ஊரணி வரைக்கும் எல்லாம் இந்த இரண்டு மாத மழையை நம்பித்தான் இருக்கின்றன. மாசி, பங்குனியில் தண்ணீர் சுருங்கும். சித்திரை, வைகாசியில் பல கண்மாய்களில் தரை வெடித்துக் கிடக்கும்.

அந்தக் காய்ந்த தரையில் ஒரு கேரி பேக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் நீளமான மூலக்கூறுகளை அறுக்கிறது. தரைச் சூடு அந்த வேலையை இன்னும் வேகப்படுத்துகிறது. தண்ணீருக்குள் கிடக்கும் பிளாஸ்டிக்கைவிட, இப்படி வெட்டவெளியில் காயும் பிளாஸ்டிக் சீக்கிரம் நொறுங்கும். சித்திரையில் மடித்து வைக்கக்கூடிய பதத்தில் இருந்த பை, ஆவணியில் விரல் பட்டதும் செதில் செதிலாக உதிரும். அப்புறம் முதல் மழை வரும். உதிர்ந்ததெல்லாம் தண்ணீரில் ஏறிவிடும். அதற்கப்புறம் எந்த வலையிலும் அது சிக்காது.

5 மில்லிமீட்டருக்கும் சிறிய துண்டுகளை நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சனும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் இந்தப் பேர் உலகம் முழுக்கப் பரவியது. ஆரம்பத்தில் கடலைப் பற்றித்தான் ஆராய்ந்தார்கள். ஏரி, குளத்துப் பக்கம் பிறகுதான் கண் போனது. இந்திய ஏரிகளில் இதற்கான முதல் கணக்கு 2017-இல் கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலிலிருந்து வந்தது. அடிமண்ணில் சதுர மீட்டருக்குச் சராசரியாக 252 துகள்கள் இருந்தன. சென்னைக்கு அருகே செங்குன்றம் ஏரியில் 2020-இல் வெளியான ஆய்வில் லிட்டர் தண்ணீருக்குச் சராசரி 5.9 துகள், கிலோ மண்ணுக்கு 27 துகள். ஓர் இடத்தில் சதுர மீட்டர் கணக்கு, இன்னோர் இடத்தில் கிலோ கணக்கு என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. நீங்கள் கணக்கெடுக்கும்போது ஓர் அளவைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தண்ணீர், யாரிடம் கேட்பது

தொடங்குவதற்கு ஊரணியைவிடக் கண்மாய் நல்லது. ஊரணியில் ஊர் மக்கள் குடிக்கத் தண்ணீர் எடுத்தால் காலை வைக்காதீர்கள், பாட்டிலை முக்காதீர்கள். தண்ணீர் எடுக்க வரும் அக்காமாரிடம் கேட்டு அவர்கள் குடத்திலிருந்து அரை லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் மணலில் தோண்டிய ஊற்றுக்கும் இதே மரியாதைதான்.

கண்மாயில் இறங்கும் முன், மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சியைப் பாருங்கள். “அண்ணே, எங்கே ஆழம், எங்கே சகதி?” என்று கேட்டால் போதும், மண் அள்ளிய பள்ளம் எது, எந்த மடைப் பக்கம் கால் புதையும் என்று சொல்லிவிடுவார். வெளியூர்க்காரர்கள் இந்தப் பள்ளங்களில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தனியாகப் போகவே வேண்டாம். மீன் குத்தகைக்கு விட்டிருந்தால் குத்தகைதாரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் ஆகிய நான்கும் பறவைகள் சரணாலயங்கள். முதல் இரண்டும் 2022-இலும், அடுத்த இரண்டும் 2025-இலும், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட எடுக்கக் கூடாது. கருவேல மரங்களில் கூடு கட்டியிருக்கும் காலத்தில் அனுமதி இருந்தாலும் உள்ளே போகாதீர்கள். சரணாலயம் அல்லாத கண்மாய்கள் மாவட்டம் முழுக்க இருக்கின்றன. அங்கேயே கற்றுக்கொள்ளலாம்.

சாமான்கள்

மூடியுள்ள கண்ணாடி பாட்டில் நாலு. எவர்சில்வர் வாளி, கரண்டி, தட்டு. மருந்துச் சொட்டுக்குழாய். கண்ணாடிச் சில்லு, மேலே மூடும் மெல்லிய சில்லு, வடிதாள் இந்த மூன்றும் பள்ளி ஆய்வகத்திலேயே இருக்கும். பிளாஸ்டிக்கைத் தேடப் போகிறோம் என்பதால் பிளாஸ்டிக் குவளை, பிளாஸ்டிக் வாளி எதையும் எடுக்காதீர்கள்.

நுண்ணோக்கிக்கு அலைய வேண்டாம். அரசு உயர்நிலைப் பள்ளியில் கேட்டால் அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கும் ஒன்று வெளியே வரும். அது கிடைக்காவிட்டால் காகிதத்தில் மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் வாங்கலாம்; ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கியது, 140 மடங்கு பெரிதாக்கும், கைப்பேசியோடு ஒட்டிப் படமும் எடுக்கலாம். ஆனால் கற்றுக்கொள்ளப் பள்ளி நுண்ணோக்கிதான் வசதி. 40 மடங்கில் வைத்தால் ஒரே பார்வையில் ஏறக்குறைய நாலரை மில்லிமீட்டர் அகலம் தெரியும். 100 மடங்கில் 1.8 மில்லிமீட்டர். எவர்சில்வர் ஸ்கேலின் மில்லிமீட்டர் கோட்டை வைத்து உங்கள் கருவிக்கு எவ்வளவு என்று முதல் நாளே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பது எவ்வளவு பெரியது என்று தெரியாமல் எதற்கும் பேர் வைக்க முடியாது.

வலைக்கு ஒரு வழி சொல்கிறேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில், அங்குலத்துக்கு 200 இழை உள்ள வலைத்துணியில் ஒரு துண்டு கேளுங்கள். அதன் துளை 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு கம்பி வளையத்தில் கூம்பாகத் தைத்து, நுனியில் சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கட்டினால் வலை தயார். இது உயிர்களைப் பிடிக்க மட்டும். துணியே பாலியெஸ்டர் என்பதால் பிளாஸ்டிக் கணக்குக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம்.

உயிர்களைப் பிடிப்பது

காலை வெயில் ஏறுவதற்குள் போங்கள். நட்டநடுத் தண்ணீரில் வலை போட்டால் கொஞ்சம்தான் கிடைக்கும். கரையோரத்து வேலம்பாசியை ஒரு கொத்து எடுத்து, அப்படியே பாட்டில் வாய்க்கு நேராகப் பிழியுங்கள். கலங்கலாக வடியும் அந்தத் தண்ணீரில்தான் கூட்டமே இருக்கிறது. வலையை எட்டுப் பத்து வாளித் தண்ணீருக்குப் பிடித்தால் குப்பியில் சேருவதும் நன்றாக இருக்கும். பாட்டிலை முக்கால் அளவுக்கு நிரப்பி, மூடியை இறுக்காமல், நிழலில் கொண்டு வாருங்கள். அன்றைக்கே பார்த்துவிடுங்கள், மறுநாள் பாதி உயிர் செத்துப்போயிருக்கும்.

தண்ணீர் பச்சை வண்ணம் கரைத்த நிறத்தில், மேலே ஏடு படிந்து, நாற்றமடித்தால் கையை வைக்காதீர்கள். அது மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் சில வகைகள் ஈரலைக் கெடுக்கும் நஞ்சைச் சுரக்கும். ஆடு மாடு குடிக்கும் துறையில் அப்படிக் கண்டால் மாட்டுக்காரர்களிடம் உடனே சொல்லுங்கள்.

முதல் பார்வை

நுண்ணோக்கிக்குப் போகும் முன் பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து வெறுங்கண்ணால் பாருங்கள். விட்டு விட்டுத் துள்ளிப் போகும் வெள்ளைப் புள்ளிகள் நீர்த்தெள்ளு. அதைப் பாடப் புத்தகம் டாஃப்னியா என்று சொல்லும். பேரிக்காய் உடம்பும் வாலுமாக வெடுக்கென்று பாய்வது சைக்ளாப்ஸ். பெண்ணாக இருந்தால் வாலின் இரண்டு பக்கமும் முட்டைப் பை தொங்கும்.

சொட்டுக்குழாயால் நீர்த்தெள்ளு ஒன்றைப் பிடித்துச் சில்லில் விட்டு, 40 மடங்கில் பாருங்கள். மூடும் சில்லை அதன் மேல் அழுத்தாதீர்கள், நசுங்கிவிடும். நாலு மூலையிலும் துளி மெழுகு வைத்து உயர்த்தினால் சரியாக இருக்கும். அதன் உடம்பு முழுக்கக் கண்ணாடி. முதுகுப் பக்கம் இதயம் படபடவென்று அடிப்பது தெரியும். நடுவில் வளைந்து போகும் குடல் பச்சையாக இருந்தால் பாசி தின்றிருக்கிறது என்று அர்த்தம். கால்கள் ஓயாமல் தண்ணீரை உள்ளே இழுத்துச் சலித்துக்கொண்டிருக்கும். வருவது பாசியா, பாக்டீரியாவா, பிளாஸ்டிக் பொடியா என்று அந்தச் சலிப்புக்குத் தெரியாது. அளவு சரியாக இருந்தால் வாய்க்குள் போய்விடும். ஆய்வகங்களில் ஒளிரும் பிளாஸ்டிக் மணிகளைக் கொடுத்துப் பார்த்தபோது இந்தக் குடலில் அவை நிறைந்து நின்றதைப் பல நாட்டு ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வயிறு நிறைந்துவிட்டதால் அது பாசி தின்பதும் குறைகிறது.

சைக்ளாப்ஸைப் பார்க்கும்போது ஒரு பழைய கதையை நினைத்துக்கொள்ள வேண்டும். நரம்புச் சிலந்தி நோய் தெரியுமா? நம் தாத்தா பாட்டி காலத்தில் காலிலிருந்து நூலாகப் புழு வெளியே வருமே, அதுதான். அந்தப் புழுவின் குஞ்சு சைக்ளாப்ஸுக்குள்தான் வளரும். குளத்துத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்தால் சைக்ளாப்ஸோடு புழுவும் வயிற்றுக்குள் போகும். மருந்து, தடுப்பூசி எதுவும் இல்லாத நோய் அது. குடத்து வாயில் துணி கட்டி வடிகட்டியதும், படிக்கிணறுகளை மாற்றியதும், தண்ணீரில் மருந்து தெளித்ததும் சேர்ந்துதான் அதை ஒழித்தன. இந்தியாவில் கடைசி நோயாளி 1996-இல். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை அந்த நோய் இல்லாத நாடாக அறிவித்தது. வேட்டித் துணி ஒரு மில்லிமீட்டர் சைக்ளாப்ஸைத் தடுத்தது. நுண்பிளாஸ்டிக்கில் பொடியானதை அந்தத் துணியால் தடுக்க முடியாது. கலங்கலைத் தெளிய வைக்கத் தேத்தாங்கொட்டை உரசும் வழக்கம் மண்ணைப் படிய வைக்கும். பிளாஸ்டிக் போய்விட்டது என்று அதை நம்பக் கூடாது.

அடுத்து 100 மடங்கு. வலைக் குப்பியில் அடியில் தேங்கிய தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, மூடு சில்லை வைத்து, ஓரத்திலிருந்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள். செருப்பு வடிவில் விரைந்து போவது பாரமீசியம். பச்சையாகச் சுருண்டு நெளிவது யூக்ளினா. சங்கிலியாகக் கோத்து, உள்ளே பச்சை ரிப்பன் சுற்றிய இழை ஸ்பைரோகைரா. படகு வடிவில், கோடு கோடாக, மஞ்சள் பழுப்பாக இருப்பவை டயட்டம். அவற்றின் ஓடு மணலில் உள்ள அதே சிலிக்கா. 1674-இல் ஹாலந்தில் லேவன்ஹூக் என்னும் துணி வியாபாரி தன் ஊருக்கு அருகிலிருந்த ஏரித் தண்ணீரைத் தானே செய்த வில்லையில் பார்த்தபோது கண்டதும் இந்த மாதிரி உயிர்களைத்தான்.

பேர் தெரியாவிட்டால் கவலைப்படாதீர்கள். வரைந்து வையுங்கள். படம் எடுப்பதைவிட வரைவது கண்ணைப் பழக்கும்.

சக்கர உயிரியிடம் நில்லுங்கள்

அதே சொட்டில் தலைப் பக்கம் இரண்டு சக்கரம் சுழல்வதாகத் தோன்றும் உயிர் ஒன்று கண்ணில் படும். ரோட்டிஃபர். நீளம் பெரும்பாலும் 0.1 முதல் 0.5 மில்லிமீட்டர். உண்மையில் எதுவும் சுழலவில்லை, மயிரிழைகள் வரிசையாக அசைவதால் அப்படித் தெரிகிறது. கொஞ்சம் பொறுத்து அதன் கழுத்துக்குக் கீழே பாருங்கள். சின்னத் தாடை ஒன்று இடைவிடாமல் மென்றுகொண்டிருக்கும். வாயில் இல்லை, தொண்டைக்குள். பாசியை அரைக்கும் எந்திரம் அது.

2023-இல் சீனாவின் ஓஷன் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. ரோட்டிஃபர்களுக்கு 0.01 மில்லிமீட்டர் வரையிலான பிளாஸ்டிக் துகள்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தத் தாடை பிளாஸ்டிக்கையும் அரைத்தது. ஒரு ரோட்டிஃபர் ஒரு நாளில் 3,48,000 முதல் 3,66,000 வரை நானோ துகள்களை (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறியவை) உண்டாக்கியது. சீனாவின் பெரிய நன்னீர் ஏரியான பொயாங் ஏரியில் உள்ள ரோட்டிஃபர்கள் மட்டுமே நாளொன்றுக்கு 133 கோடி கோடி துகள்களை உண்டாக்கக்கூடும் என்று கணக்குப் போட்டார்கள். வெயிலும் உரசலும்தான் பிளாஸ்டிக்கைப் பொடியாக்குகின்றன என்று பொதுவாக நினைப்போம். உயிருள்ள ஒன்று, பசிக்காகச் செய்யும் வேலையிலேயே, அதை இன்னும் சிறிதாக்கித் தண்ணீரில் விடுகிறது. நானோ அளவுக்குப் போனதை உங்கள் நுண்ணோக்கியும் காட்டாது, எந்த வடிதாளும் பிடிக்காது.

இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. அந்த ஆய்வில் இருந்த பிராக்கியோனஸ் வகை ரோட்டிஃபர்தான் உலகம் முழுக்க மீன் குஞ்சுப் பொரிப்பகங்களில் முதல் தீவனம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2010-இல் கடல் விறாலைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைத்தது. அந்த மாதிரிக் குஞ்சுகள் வாய் திறந்ததும் தின்பது ரோட்டிஃபரைத்தான். கண்மாயில் கெண்டைக் குஞ்சும் அதையேதான் தின்கிறது. கண்மாய் மீன் பிடிப்பு அன்றைக்கு ஊரே குழம்பு வைக்கிறதே, அந்தச் சங்கிலியின் அடிக்கண்ணி இந்தச் சின்ன உயிர்.

ஒன்றைக் கவனியுங்கள். ரோட்டிஃபரால் மிகச் சிறிய துகளைத்தான் விழுங்க முடியும். அந்த அளவுக்கு பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்து சேர்ப்பது காய்ந்த தரையும் வெயிலும்தான். முழுப் பையாக இருக்கும்போது எடுத்துவிட்டால் அது அந்தத் தாடைக்குப் போகவே போகாது.

காய்ந்த மண்ணை எழுப்பிப் பார்ப்பது

கோடையில் தண்ணீர் இல்லையே என்று சும்மா இருக்க வேண்டாம். கண்மாயின் உள்வாயில், கடைசியாகத் தண்ணீர் வற்றிய இடத்தில், வெடித்த வண்டல் ஒரு கைப்பிடி எடுத்து வாருங்கள். அகன்ற கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, பிடித்து வைத்த மழைத்தண்ணீரை நாலு விரல்கடை ஊற்றி, வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். சில நாளில் ஏதோ அசையும். நீர்த்தெள்ளும் ரோட்டிஃபரும் தண்ணீர் வற்றும் முன் தடித்த ஓட்டோடு உறக்க முட்டைகளை இட்டுவிட்டுச் சாகின்றன. அந்த முட்டை வெயிலையும் வறட்சியையும் தாங்கி, அடுத்த மழைக்குப் பொரிக்கும். ராமநாதபுரத்துக் கண்மாய் வருஷா வருஷம் செத்துப் பிழைப்பது இப்படித்தான். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அதே வண்டலில்தான் பிளாஸ்டிக்கும் தங்குகிறது.

மண்ணில் பிளாஸ்டிக்கைப் பிரிப்பது

தண்ணீரைவிட மண்ணில் தேடுவது புதியவர்களுக்குச் சுலபம். ஒரு கெஜம் இடைவெளியில் மூன்று இடத்தில், 25 சென்டிமீட்டர் சதுரம் போட்டு, மேல்மண்ணை மட்டும் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கரண்டியால் சுரண்டுங்கள். கண்ணுக்குத் தெரியும் பெரிய துண்டுகளைத் தனியே எடுத்து எண்ணுங்கள். மீதியைத் தட்டில் பரப்பி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து நிழலில் உலர்த்துங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 350 கிராம் கல் உப்பைக் கரையுங்கள். வாலிநோக்கம் உப்பளத்து உப்பு பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் கடல் உப்பிலும் நுண்பிளாஸ்டிக் இருப்பதை இந்திய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. அதனால் கரைத்த உப்புத் தண்ணீரை முதலில் வடிதாளில் வடித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். இதை விட்டுவிட்டால் உப்பளத்துப் பிளாஸ்டிக்கைக் கண்மாய்க் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

200 கிராம் உலர்ந்த மண்ணுக்கு 600 மில்லிலிட்டர் உப்புத் தண்ணீர். எவர்சில்வர் கரண்டியால் இரண்டு நிமிஷம் நன்றாகக் கலக்கி, மூடி, ராத்திரி முழுக்க விடுங்கள். நம் பக்கத்துக் களிமண் சீக்கிரம் படியாது. அவசரப்பட்டால் கலங்கல்தான் வரும். காலையில் மேல்தண்ணீரை அசையாமல் வடிதாளில் ஊற்றுங்கள். தாளை மூடி உலர வைத்து 40 மடங்கில் வரிசையாகப் பாருங்கள்.

உப்பு ஏன்? நல்ல தண்ணீரில் பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன் போன்ற லேசானவை மட்டும்தான் மிதக்கும். நைலான் தண்ணீரைவிடக் கனம், மூழ்கிவிடும். நல்ல தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் நிறைந்த உப்புத் தண்ணீரின் அடர்த்தி 1.2 என்பதால் 1.14 உள்ள நைலானும் மேலே வந்துவிடும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் 1.38, அது இதிலும் அடியில்தான் கிடக்கும். ஆகவே உங்கள் கணக்கு எப்போதும் உண்மையைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று குறிப்பேட்டிலேயே எழுதி வையுங்கள்.

பிளாஸ்டிக்தானா என்று தெரிவது

மூன்று அடையாளம். உள்ளே செல் அமைப்பு, கணு, கிளை எதுவும் தெரியக் கூடாது. இழை என்றால் நுனியிலிருந்து நுனி வரை ஒரே தடிப்பாக இருக்க வேண்டும். நிறம் ஒரே சீராக இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஊசி நுனியைச் சூடாக்கி அதன் பக்கத்தில் கொண்டு போங்கள். பிளாஸ்டிக் சுருளும் அல்லது உருகி ஒட்டும், பாசியும் வேரும் அப்படிச் செய்யாது. சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

எது கிடைக்கிறது என்பது எங்கிருந்து வந்தது என்று சொல்லும். கசங்கிய மெல்லிய படலம் கேரி பேக், பால் பாக்கெட், தின்பண்ட உறை. பச்சை அல்லது நீலத்தில் முரட்டு இழை என்றால் வலையோ கயிறோ. தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை என்று கடலோர ஊர்களில் இது அதிகம் எதிர்பார்க்கலாம். துணியிலிருந்து வரும் இழை மயிரைவிட மெல்லிசு. துவைக்கிற துறையருகே மண் எடுத்தால் இதை எதிர்பார்க்கலாம்.

துணி இழையில்தான் புதியவர்கள் ஏமாறுவார்கள். உங்கள் சட்டையிலிருந்தே விழலாம். மின்விசிறியை நிறுத்துங்கள். பாலியெஸ்டர் புடவை, நைட்டி, டிராக் பேண்ட் வேண்டாம். வெள்ளைப் பருத்தி உடுத்துங்கள். வேலை முடியும் வரை ஈரமான வடிதாள் ஒன்றைப் பக்கத்தில் திறந்து வைத்து, கடைசியில் அதில் விழுந்த இழைகளையும் எண்ணிக் கழித்துக்கொள்ளுங்கள். இந்த வெற்றுத்தாள் இல்லாத கணக்கை யாரிடமும் காட்டாதீர்கள்.

கடுமையான ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிப் பாசியை எரிக்கும் முறை ஆய்வகங்களில் உண்டு. வீட்டிலோ பள்ளியிலோ வேண்டவே வேண்டாம்.

பார்த்து முடித்த கண்மாய்த் தண்ணீரை அதே கண்மாயில் ஊற்றுங்கள். வேறு நீர்நிலையில் ஊற்றினால் இல்லாத பாசியையும் பூச்சியையும் கொண்டுபோய் விட்டதாகிவிடும்.

கணக்கை எங்கே கொண்டு போவது

குறிப்பேட்டில் தேதி, கண்மாயின் பேர், எந்த மடைக்குப் பக்கம், எவ்வளவு மண், எத்தனை படலம், எத்தனை இழை, எத்தனை துண்டு, வெற்றுத்தாளில் எத்தனை என்று எழுதுங்கள். பங்குனியில் ஒரு தடவை, ஆவணியில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை அதே இடத்தில் எடுங்கள். முழுப் பையின் எண்ணிக்கை குறைந்து பொடியின் எண்ணிக்கை ஏறுவது எந்த மாதத்தில் என்று உங்கள் கண்மாயே காட்டிவிடும்.

ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. கடையில் அது குறைய வேண்டும் என்பது ஒரு பக்கம். ஏற்கெனவே தரையில் கிடப்பதற்கு அந்தத் தடை ஒன்றும் செய்யாது. என் அனுபவத்தில் கண்மாயின் நடுவில் கிடப்பதைவிட, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் சீமைக்கருவேல முள்ளில் சிக்கித் தொங்குவதே அதிகம். முதல் வெள்ளம் அதைத்தான் முதலில் அள்ளி வரும். ஆகவே சுத்தம் செய்ய ஆள் கொஞ்சமாகத்தான் கிடைக்கிறார்கள் என்றால் வரத்துக்காலில் தொடங்குங்கள், அப்புறம் மடை முகம், கடைசியாக உள்வாய். தடித்த கையுறை அவசியம், முள்ளும் கண்ணாடியும் கிடக்கும். பொறுக்கியதை அங்கேயே கொளுத்திவிடாதீர்கள். எரிந்து உருகிய கட்டி மண்ணோடு ஒட்டிக்கொண்டு இன்னும் மோசமாக நொறுங்கும், புகையும் நஞ்சு. ஊராட்சியின் தூய்மைக் காவலர்களிடம் முன்கூட்டியே சொல்லி, வண்டி வரும் நாளில் வேலையை வையுங்கள்.

ஆகஸ்ட் 15 கிராம சபை இதற்குச் சரியான நேரம். மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும், தரையும் காய்ந்திருக்கும். வடிதாளையும், உதிரும் கேரி பேக் ஒன்றையும், கைப்பேசியில் எடுத்த ரோட்டிஃபர் படத்தையும் கொண்டுபோய் வையுங்கள். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்குக் குறைந்த கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறையின் பொறுப்பு. எதற்கு மனு எழுத வேண்டும் என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். தீர்மானத்தில் ‘கண்மாயைச் சுத்தம் செய்ய வேண்டும்’ என்று பொதுவாக எழுத விடாதீர்கள். எந்த வரத்துக்கால், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, புரட்டாசி எத்தனாம் தேதிக்குள், பொறுக்கியது எந்த வண்டியில் எங்கே போகும் என்று ஒவ்வொன்றையும் எழுதச் சொல்லுங்கள்.